நான் சொன்ன ஆய்த்து

எங்கள் வீட்டில் சத்தம் இல்லாத நேரம் என்று ஒன்று கிடையாது. என் கணவரின் கட்டிலுக்குப் பக்கத்தில் முழங்கால் உயரத்துக்கு ஒரு மெஷின் நிற்கிறது. அறைக்குள் இருக்கும் காற்றை இழுத்து, அதிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்து, மெல்லிய ட்யூப் வழியாக அவர் மூக்குக்கு அனுப்புவது அதன் வேலை. விடாமல் உர்ரென்று ஓடிக்கொண்டே இருக்கும். பீன்யா தொழிற்பேட்டையில் ஒரு பட்டறையில் பல வருஷம் கிரைண்டிங் மெஷின் முன்னால் நின்றவர் அவர். நுரையீரலில் இனிமேல் சரிசெய்ய ஒன்றும் மிச்சமில்லை, மெஷின் இல்லாமல் அதிக நேரம் இருக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நாங்களும் சரி என்று கேட்டுக்கொண்டு வந்துவிட்டோம்.

அல்சூரில் நாங்கள் இருந்த வாடகை வீட்டுக்குச் செங்குத்தான படி. அவரால் ஏற முடியாமல் போனபோது, கையில் இருந்ததையெல்லாம் திரட்டி சந்தாபுராவில் ஒரு அபார்ட்மென்ட்டில் தரைத்தள வீடு வாங்கினோம். ஒரு ஹால், ஒரு படுக்கையறை, நின்றால் திரும்ப முடியாத சமையலறை. பின்பக்க வீடு என்பதால் மற்றதைவிட மலிவு. ஏன் மலிவு என்று கேட்கும் சாமர்த்தியம் எங்கள் இருவருக்கும் இல்லை. படுக்கையறை ஜன்னலுக்கு நேர் எதிரே தகரக் கூரை போட்ட ஒரு கொட்டகை இருந்தது. தோட்டக்காரர் சாமான் வைக்கிற இடமாக்கும் என்று நானே முடிவுசெய்துகொண்டேன். வீடு பார்க்கப் போன அன்று கரண்ட் இருந்தது. அதுதான் எங்கள் கெட்ட நேரம்.

குடிவந்த பிறகு முதல் தடவை கரண்ட் போனபோது அந்தக் கொட்டகை உறுமியது. உள்ளே இருந்தது மொத்தக் கட்டடத்துக்குமான டீசல் ஜெனரேட்டர். அதன் புகைக்குழாய் எங்கள் ஜன்னலைப் பார்த்து நின்றது. ஜெனரேட்டர் ஓடினால் ஒவ்வொரு வீட்டுக்கும் விளக்கு, ஃபேன், ஒரு பிளக் என்று கொஞ்சம் கரண்ட் வரும். எங்கள் வீட்டில் அந்த ஒரு பிளக்கில்தான் அவருடைய மெஷின். அதாவது அவருக்கு மூச்சு கொடுப்பதும் அந்த ஜெனரேட்டர்தான், அவர் அறைக்குள் புகையை விடுவதும் அதே ஜெனரேட்டர்தான். ஜன்னலைச் சாத்தினால் அறை வெந்துவிடும். அதோடு, மூச்சுக்குத் தவிப்பவருக்கு மூடிய ஜன்னலைப் பார்த்தாலே இன்னும் முட்டும். திறந்துவைத்தால் இருமல். நான் பாதி திறந்து வைப்பேன். அதில் இரண்டு கஷ்டமும் பாதிப் பாதியாக வரும்.

இன்வர்ட்டர் வைக்கலாமே என்று கேட்காதவர்கள் இல்லை. வைத்திருக்கிறோம். இந்த மெஷின் அதைக் குடித்துத் தீர்க்கும் வேகத்துக்கு அது ஒரு சாம்பார் கொதிக்கும் வரை தாங்கும், அவ்வளவுதான். பெரிய பாட்டரிக்கு எங்களுக்கு வசதி இல்லை. சின்ன சிலிண்டர் ஒன்று உண்டு. அது ஆஸ்பத்திரிக்குப் போகும் வழிக்கு. தீர்ந்தால் அத்திபெலே வரை தூக்கிக்கொண்டு போய் நிரப்பிவர வேண்டும், அவரைத் தனியாக விட்டுவிட்டு. வீட்டை விற்றுவிட்டுப் போங்கள் என்றும் சொல்வார்கள். கரண்ட் இருக்கிற நாளாகப் பார்த்து யாரையாவது வரச்சொல்லிக் காட்ட வேண்டும். எங்களுக்கு நடந்ததை இன்னொருவருக்கு நடத்த எனக்கு மனசு வரவில்லை.

இப்படியே ஓட்டிக்கொண்டிருந்தோம். அப்புறம் டீசல் விலை ஏறியது, கரண்ட் போவதும் ஏறியது. அதோடு ஒரு விதியும் வந்தது. புகையை வடிகட்டும் கருவி இல்லாத பழைய டீசல் ஜெனரேட்டர்களை இனி இஷ்டத்துக்கு ஓட்டக்கூடாது என்று சொன்னார்கள். அசோசியேஷன் இரண்டாகப் பிளந்தது. ஒரு பக்கம் டீசல் கட்சி. லிஃப்ட் நிற்கும், தண்ணீர் மோட்டார் நிற்கும், வீட்டிலிருந்தே ஆபீஸ் வேலை பார்ப்பவர்கள் என்ன செய்வார்கள் என்று அவர்கள் கேட்டார்கள். இன்னொரு பக்கம் சோலார் கட்சி. இந்தப் புகையில் குழந்தைகளை வளர்ப்பதா, மொட்டை மாடியில் பலகை போடலாம், பாட்டரி வைக்கலாம், கொட்டகையை இடிக்கலாம் என்று அவர்கள் சொன்னார்கள். மொட்டை மாடி யாருக்குச் சொந்தம் என்ற சண்டையில் சோலார் பேச்சு நின்றது. வடிகட்டிக்கு ஆகும் செலவைக் கேட்டதும் டீசல் பேச்சு நின்றது. வாட்ஸ்அப் குரூப்பில் மட்டும் எதுவும் நிற்கவில்லை.

எனக்குப் பொறுக்காதது ஒன்றே ஒன்று. இரண்டு கட்சியும் என் கணவரை வைத்துத்தான் வாதம் செய்தார்கள். கீழ் வீட்டு அங்கிள் உயிரே ஜெனரேட்டரில்தான் ஓடுகிறது, மனிதாபிமானம் வேண்டாமா என்று இவர்கள் எழுதுவார்கள். கீழ் வீட்டு அங்கிள் அந்தப் புகையைத்தான் சுவாசிக்கிறார், மனிதாபிமானம் வேண்டாமா என்று அவர்கள் எழுதுவார்கள். இரண்டும் உண்மைதான். அவரை ஒருவரும் வந்து பார்க்கவில்லை, கேட்கவுமில்லை. அவர் கட்டிலில் படுத்துக்கொண்டு தன்னைப் பற்றிய செய்திகளை என் போனில் படித்துவிட்டுச் சிரிப்பார். எலெக்‌ஷனில் நிற்கலாம் போலிருக்கிறதே என்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வண்டி நிறுத்தும் இடத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டுக் கூட்டம் நடந்தது. செயலாளர் பேங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், மைசூர்ப் பக்கத்துக் கன்னடக்காரர். நல்ல மனிதர், ஆனால் எதையும் ஒரு முடிவுக்குக் கொண்டுவராமல் எழுந்திருக்க மாட்டார். என்னையும் பேசச் சொன்னார். நான் கன்னடத்தில்தான் பேசினேன். எனக்குக் கன்னடம் தெரியும் என்று சொல்வதே தப்பு, அது சின்ன வயதில் அல்சூர்த் தெருவில் விளையாடும்போதே ஒட்டிக்கொண்டது. தமிழில் நினைத்துக் கன்னடத்தில் பேசுகிறோம் என்ற ஞாபகமே எங்களுக்கு வராது.

நான் கேட்டது பெரிதாக ஒன்றுமில்லை. அந்தக் குழாயை மொட்டை மாடிக்கு மேலே தூக்கிவிடுங்கள், வடிகட்டியைப் பொருத்துங்கள், பிறகு ஓட்டுங்கள். எங்களைக் காட்டிச் சண்டை போடாதீர்கள். இவ்வளவுதான். பேசி முடிக்கிற நேரத்தில் யாரோ பக்கத்தில் ஸ்கூட்டரைக் கிளப்பினார்கள். செயலாளர் ஏதோ சொல்வது தெரிந்தது. கடைசி வார்த்தை மட்டும் காதில் விழுந்தது, "ஆய்த்தா?"

எங்கள் வீட்டுத் தமிழில் ஆச்சா என்றால் முடிந்ததா என்று அர்த்தம். பேசி முடித்துவிட்டீர்களா என்று கேட்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். "ஆய்த்து, ஆய்த்து" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். எல்லோரும் கைதட்டினார்கள். நான் பேசியது அவ்வளவு நன்றாகவா இருந்தது என்று எனக்கே கூச்சமாகப் போனது.

பக்கத்து நாற்காலிக்காரி என் கையைப் பிடித்து அழுத்தி, பெரிய மனசு உங்களுக்கு என்றாள். அப்போதுதான் கேட்டேன், செயலாளர் என்ன சொன்னார் என்று. அவர் சொன்னது இது: "ஹாகாத்ரே நீவு ஹேளிதாக மாத்ர ஜெனரேட்டர் ஹாக்தீவி. ஆய்த்தா?" அப்படியானால் நீங்கள் சொல்லும்போது மட்டும் ஜெனரேட்டர் போடுகிறோம், சரியா? கன்னடத்தில் ஆய்த்து என்றால் முடிந்தது என்றும் அர்த்தம், சரி, சம்மதம் என்றும் அர்த்தம். நான் முடிந்தது என்றேன். அறுபது குடும்பத்தாரும் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

எழுந்து போய் செயலாளரிடம் சொன்னேன், நான் அந்த அர்த்தத்தில் சொல்லவில்லை என்று. அவர் சிரித்துவிட்டார். அல்சூர்க்காரம்மாவுக்கு ஆய்த்து என்றால் என்னவென்று நான் சொல்லித்தர வேண்டுமா என்று கன்னடத்தில் கேட்டார். பக்கத்தில் இருந்தவர்களும் சிரித்தார்கள். எனக்குக் கன்னடம் அரைகுறையாக வந்திருந்தால் நம்பியிருப்பார்கள். நன்றாக வந்ததுதான் வினையாகப் போனது. இரண்டு கட்சிக்கும் பிடித்த முடிவை இரண்டு கட்சியும் விடுவதாக இல்லை. வடிகட்டி பொருத்தும்வரை ஜெனரேட்டர் ஓடாது, மெடிக்கல் எமர்ஜென்சிக்கு மட்டும் ஓடும், அந்த எமர்ஜென்சி எப்போது என்று தரைத்தள ஆன்ட்டி சொல்வார் என்று தீர்மானமாகிவிட்டது.

அன்றிலிருந்து இந்தக் கட்டடத்தின் டீசல், புகை, சத்தம், லிஃப்ட், தண்ணீர் எல்லாம் என் போனுக்குள் வந்துவிட்டன. கரண்ட் போனதும் நான் வாட்ச்மேனுக்கு போன் செய்ய வேண்டும். அவர் அஸ்ஸாம்காரர். அவருடைய இந்தியும் என்னுடைய இந்தியும் ஒன்றுக்கொன்று உதவாது, அதனால் போடு என்பதற்கு நான் சாலு என்ற ஒரு வார்த்தையைச் சொல்வேன், அவர் கொட்டகைக்கு ஓடுவார். உடனே செயலாளர் குரூப்பில் ஒரு செய்தி போடுவார். எல்லாம் வெளிப்படையாக இருக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. தரைத்தள வீட்டின் கோரிக்கையின்படி ஜெனரேட்டர் இயக்கப்படுகிறது என்று இங்கிலீஷில் வரும். அதன் கீழே சிலர் கும்பிடு போடுவார்கள். சிலர் முகமூடி போட்ட மூஞ்சியைப் போடுவார்கள். மாதம் முடிந்ததும் டீசல் செலவைப் போடும்போதும் என் வீட்டு எண் அதில் இருக்கும். இருமுகிறவர் அவர், ஆனால் வெட்கப்பட வேண்டியவள் நான் என்று ஆகிவிட்டது.

பிறகு போன் வர ஆரம்பித்தது. கரண்ட் போய்க் கொஞ்ச நேரத்துக்குள் யாராவது கூப்பிடுவார்கள். நேரடியாக ஜெனரேட்டர் போடச் சொல்லுங்கள் என்று கேட்க முடியாதே, அதனால் அக்கறையாக, "அங்கிள் எப்படி இருக்கார்?" என்று கேட்பார்கள். மேல் வீட்டில் கிரிக்கெட் பாதியில் நின்றிருக்கும், அங்கிள் எப்படி இருக்கார் என்பார்கள். ஒருத்தர் வீட்டில் பெண் பார்க்க வந்திருந்தார்கள், வியர்த்துக் கொட்டியது, அங்கிள் எப்படி இருக்கார் என்று மூன்று பேர் வரிசையாகக் கேட்டார்கள். அவர் நன்றாக இருக்கிறார் என்று நான் சொன்னால், எதிர்முனையில் ஓ என்று ஒரு ஏமாற்றம் விழும். இத்தனை வருஷத்தில் அவர் நன்றாக இருப்பதைக் கேட்டு இவ்வளவு பேர் வருத்தப்பட்டு நான் பார்த்ததில்லை. முதலில் இதைச் சொல்லிச் சொல்லி நாங்கள் இரண்டு பேரும் சிரித்தோம்.

இதே கேள்வியை இன்னொருத்தியும் கேட்பாள், நேர்மாறான ஆசையோடு. மூன்றாம் மாடியில் ஒரு பெண், சேலத்துக்காரி, எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை. அவளுடைய சின்ன மகளுக்கு வீசிங். ஜெனரேட்டர் புகை எங்கள் ஜன்னலில் நுழைந்தது போக மிச்சம் நேராக மேலே ஏறி அந்தக் குழந்தையின் அறைக்குப் போகும். சோலார் கட்சியில் முதலில் பேசியவள் அவள்தான். அவளைத் திட்ட முடிந்திருந்தால் எனக்குப் பாதி பாரம் குறைந்திருக்கும். ஆனால் என் கணவர் ஒரு நாள் மூச்சு வாங்கிச் சரிந்தபோது ஆபீஸ் மீட்டிங்கைப் பாதியில் விட்டுவிட்டு இறங்கி வந்து, எங்களைக் காரில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனவளும் அவள்தான். டாக்டர் வரும்வரை அவர் காலைத் தன் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ஒரு மாலை மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு எங்கள் வாசலில் வந்து நின்றாள். குழந்தையின் நெஞ்சு உள்ளே இழுத்து இழுத்து விடுவது சட்டைக்கு மேலேயே தெரிந்தது. எனக்கு அந்த மூச்சு பழக்கமான மூச்சு. அவள் உள்ளே வரவில்லை.

"ஆன்ட்டி, தப்பா எடுத்துக்காதீங்க. அங்கிளுக்கு வேணும்னா உடனே போடச் சொல்லுங்க, நான் வேணாங்கல. ஆனா சும்மா ஒரு இதுக்காகப் போட வேணாம். கொஞ்சம் பாத்துட்டு போடச் சொல்லுங்க, அவ்ளோதான்."

சொல்லிவிட்டு அவளே அழுதுவிட்டாள். என் பிள்ளைக்கு அப்படி இழுத்திருந்தால் நான் அழமாட்டேன், கொட்டகைக்கு நானே பூட்டு போட்டிருப்பேன். குழந்தை என்னைப் பார்த்துக் கையை ஆட்டியது, நானும் ஆட்டினேன்.

அந்தக் கொஞ்சம் பார்த்துட்டு என்ற வார்த்தை எனக்குள் உட்கார்ந்துவிட்டது. கரண்ட் போனால் முன்பு உடனே போனை எடுப்பேன். இப்போது இன்வர்ட்டர் தீரட்டும் என்று பார்த்தேன். தீர்ந்த பிறகு, விரலில் மாட்டி ஆக்சிஜன் அளவைப் பார்க்கும் சின்னக் கருவியில் எண் எவ்வளவு இறங்குகிறது என்று பார்த்தேன். இன்னும் கொஞ்சம் இறங்கினால் சொல்லலாம் என்று பார்த்தேன். ஹாலிலிருந்து அறைக்கும் அறையிலிருந்து ஜன்னலுக்கும் போனைக் கையில் பிடித்துக்கொண்டு நடப்பேன். மேலே குழந்தை இருமுகிறதா என்று ஒரு காது, கட்டிலில் இவர் இழுக்கிறாரா என்று ஒரு காது. இதற்கு நடுவில் போன் அடிக்கும், அங்கிள் எப்படி இருக்கார் என்று. கேட்பது யார் என்பதைப் பொறுத்து எந்தப் பதில் அவர்களுக்கு வேண்டும் என்று எனக்குத் தெரியும். என் பதில் எது என்பதுதான் தெரியாது. பேஜாராகிப் போய் ஒரு நாள் போனை அரிசி டப்பாவுக்குள் போட்டு மூடினேன். அங்கேயும் அடித்தது.

ஏன் இப்படி என் தலையில் கட்டினீர்கள் என்று கேட்க செயலாளரிடம் மறுபடி போனேன். அவர் பாவம், உண்மையிலேயே குழம்பிப்போனார். அதிகாரம் முழுக்க உங்களிடம்தானே அம்மா இருக்கிறது என்றார். வடிகட்டிக்கு இரண்டு இடத்தில் விலை கேட்டிருக்கிறோம், அடுத்த கூட்டத்தில் பேசுவோம் என்றார். அடுத்த கூட்டத்தில் பார்க்கிங் பிரச்சினை பேசினார்கள். அதற்கடுத்த கூட்டம் மழையில் நின்றுபோனது. ஜெனரேட்டர் பிரச்சினைதான் தீர்ந்துவிட்டதே என்று எல்லோருக்கும் ஒரு நிம்மதி வந்திருந்தது. சண்டை போட்ட இரண்டு கட்சிக்காரர்களும் சேர்ந்து நந்தி மலைக்கு டூர் போய்வந்தார்கள்.

அவர் இதையெல்லாம் கட்டிலில் இருந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். முன்பு மாதிரி கிண்டல் செய்வதில்லை. கரண்ட் போனதும் நான் கேட்பதற்கு முன்னாலேயே, நல்லாத்தான் கீறேன் என்று சொல்லிவிடுவார். அதைச் சொல்வதற்குள் இரண்டு முறை நின்று மூச்செடுப்பார். விரலில் கருவியை மாட்டப் போனால் கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொள்வார். பொய் சொல்லத் தெரியாத மனிதர், அதனால் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். நான் அதை நம்பினேன் என்று சொல்லமாட்டேன். நம்பினால் போன் செய்ய வேண்டாம் என்பதால், நம்புவது எனக்குச் சௌகரியமாக இருந்தது.

சென்ற மாதம் ஒரு காலை, காய்கறி வாங்க சந்தாபுரா சர்க்கிள் வரை போனேன். கூட்டம் இல்லை, சீக்கிரம் திரும்பிவிட்டேன். கதவைத் திறந்தால் வீடு அமைதியாக இருந்தது. கரண்ட் போய்விட்டது, இன்வர்ட்டரும் தீர்ந்துவிட்டது என்று நினைத்துப் பையை அப்படியே போட்டுவிட்டு போனைத் தேடினேன். வாட்ச்மேனின் நம்பரைத் தட்டும்போதுதான் நிமிர்ந்து பார்த்தேன். ஹாலில் ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது.

கரண்ட் இருக்கிறது, அப்படியானால் மெஷின்தான் கெட்டுவிட்டது என்று உள்ளே ஓடினேன். அவர் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றி, கீழே தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ட்யூப் அழகாகச் சுற்றி தலையணைமேல் வைக்கப்பட்டிருந்தது. சுவரில் மெஷினின் ஸ்விட்ச் அணைந்திருந்தது. அவர் உதடு நாவல்பழம் தின்ற மாதிரி நீலமாக இருந்தது. தோள் இரண்டும் காதுவரை ஏறி ஏறி இறங்கின.

"இன்னா பண்ணிக்கினு கீறீங்க?"

ஸ்விட்சைப் போட்டேன். ட்யூபை மாட்டி, முதுகைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். மெஷின் உறுமத் தொடங்கியது. தோள் கொஞ்சம் இறங்கிய பிறகுதான் சொன்னார், பழகிக்கலாம் என்று பார்த்தாராம். நான் வெளியே போகிற நேரமாகப் பார்த்து, கொஞ்ச நாளாகவே செய்துவருகிறாராம். கரண்ட் போனால் நான் போனைக் கையில் வைத்துக்கொண்டு அல்லாடுவதை அவரால் பார்க்க முடியவில்லையாம். மெஷின் இல்லாமல் தாக்குப்பிடிக்க உடம்பைப் பழக்கிவிட்டால் நான் யாருக்கும் சொல்ல வேண்டியிருக்காது, யாருக்கும் பதில் சொல்ல வேண்டியிருக்காது, மேலே அந்தப் பாப்பாவும் இருமாது. இதையெல்லாம் அவர் தவணை தவணையாக, மூச்சுக்கு நடுவில் கிடைத்த இடத்தில் சொன்னார்.

எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. யார் மேல் காட்டலாம் என்று பார்த்தேன். செயலாளர் கெட்டவர் இல்லை, சேலத்துப் பெண் கெட்டவள் இல்லை, அந்த விதியும் தேவையான விதிதான். இவரைப் பிடித்து உலுக்கலாம் போலிருந்தது, உலுக்கினால் தாங்கமாட்டார். அவர் நான் கோபமாக இருக்கிறேன் என்று கண்டுகொண்டு என் கையைத் தேடிப் பிடித்தார். ஆறுதல் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். மெஷினைக் கண்ணால் காட்டி, முகத்தில் மெல்லிய பெருமையோடு சொன்னார்:

"நேத்துக்கு இன்னிக்கு பரவால்ல."